மேலே நிற்கும் சின்ன ரெண்டு

எக்ஸுக்கு மேல ஒரு நாலு. அதுக்கு முன்னால இன்னொரு எக்ஸ், அதுக்கு மேல ஒரு ரெண்டு. ரெண்டும் ஈ வந்து உக்காந்த மாதிரி அம்புட்டுச் சின்னதா இருக்கு, கண்ணாடியத் தூக்கிவிட்டுப் பாக்கவேண்டிக் கெடக்கு. வாசிக்கணும், வாசிச்சாத்தான் அவ விடை சொல்லுவா. 'அஞ்சு எக்ஸ் ரெண்டு, கூட்டல் ஏழு எக்ஸ் நாலு, கழித்தல் ரெண்டு எக்ஸ், கூட்டல் ஒன்பது. இந்தப் பல்லுறுப்புக்கோவையின் படி என்ன?'ன்னு வாசிச்சேன். எதிர்ல இருக்க ஜெபக்கனி தலையச் சாய்ச்சா. 'டீச்சர், அந்த ரெண்டும் நாலும் மேல நிக்கா, பக்கத்துல நிக்கா?' 'மேலம்மா, மேலதான்.' 'அப்படின்னா எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் பவர் நாலுன்னு வாசிங்க டீச்சர். மேலன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கணக்கு.' வாசிச்சேன். 'விடை நாலு'ன்னு பட்டுன்னு சொன்னா. எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கை வேர்த்துட்டு. முதல் கேள்விக்கே இந்தக் கதின்னா பொறவு என்ன ஆகப் போகுதோ. நான் பி.டி. டீச்சர். பிரமநாயகின்னு பேரு, ஆனா பிள்ளைகளுக்கு விசில் டீச்சர்தான். எனக்கும் கணக்குக்கும் ஏழாங்கிளாஸ்லயே பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, 'கண்ணு தெரியாத ஒரு பொண்ணு தனியாப் பத்தாவது எழுதுது, கணக்குப் பரீட்சைக்கு அது சொல்லச் சொல்ல நீங்க எழுதணும்'ன்னு சொன்னப்ப, 'சார், எனக்குக் கணக்கு ஆகவே ஆகாது சார்'ன்னு கெஞ்சினேன். 'ஆகாதுல்லா, அதான் உங்களப் போட்டிருக்கு'ன்னு சிரிக்காரு. கணக்குத் தெரிஞ்சவங்க எழுதினா அவங்களே போட்டுக் குடுத்துருவாங்களாம், அதனால தெரியாதவங்கதான் எழுதணுமாம். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து என் தகுதிய யாரும் இப்படி மெச்சினதில்ல.

சோதனைச்சாலை அறைய எங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. நான், ஜெபக்கனி, கண்காணிப்பாளரா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆவுடையப்பன் சார், மூணே பேரு. ஏதோ அமிலம் நெடியடிக்கி. ஃபேன் சுத்துது, சுத்துதுன்னுதான் பேரு. அடுத்த கேள்விய வாசிக்கேன், அவ யோசிக்கா, உதடு மட்டும் அசையுது. இந்தக் குரல முன்னால எங்கயோ கேட்டிருக்கோமேன்னு காலைல இருந்து மண்டையப் போட்டு உடைச்சிட்டு இருந்தேன், பொறவு அவளாத்தான் சொன்னா, பஸ் ஸ்டாண்டு மைக்ல நாகர்கோவில் வண்டி ரெண்டாம் நடைமேடைக்கு வருதுன்னு சொல்லுதது அவதானாம். ஏ அப்பா, இந்தக் குரல நம்பித்தான நான் வருசக்கணக்கா ஓடி ஓடி வண்டி ஏறுதேன்! மூஞ்சி இப்பத்தான் பாக்கேன். முப்பது வயசு இருக்கும், ரெட்டைப்பின்னல் போட்டா பிளஸ் டூ பிள்ளைன்னு சொல்லிரலாம். அந்த வேலை தற்காலிகம். வார ஜூன்ல நிரந்தரம் ஆக்கப் போறாங்களாம், பத்தாவது சர்ட்டிபிகேட் கைல இருக்கவங்களுக்கு மட்டும். இல்லாதவங்க வீட்டுக்குப் போவேண்டியதுதான், அந்த நாற்காலில வேற ஆளு. மத்த பாடமெல்லாம் பாஸ் பண்ணிட்டா, கணக்கு ஒண்ணுதான் பாக்கி. போன தடவையே பாஸாகியிருக்கணும். எழுத வந்தவங்க மேல நிக்கவேண்டிய எண்ணையெல்லாம் கீழ இறக்கிப் பக்கத்துல எழுதிட்டாங்க. எக்ஸ் ஸ்கொயர்னு இவ சொல்ல, அங்க எக்ஸ் ரெண்டுன்னு கெடந்திருக்கு. திருத்துன மனுசன் என்ன செய்வாரு, முட்டை போட்டுட்டாரு. ஃபெயிலான பொறவு விடைத்தாள் நகல் வாங்கி, அடுத்த வீட்டுப் பிள்ளைய விட்டு வாசிக்கச் சொன்னப்பத்தான் இவளுக்கே தெரிஞ்சிருக்கு. பரீட்சை தொடங்குமுன்ன இத எங்கிட்டச் சொல்லிட்டு, 'அதனால மேலன்னா மேல எழுதிருங்க டீச்சர், கொஞ்சம் சின்னதா'ன்னு கேட்டா. கோவமே இல்லாமக் கேட்டா. எனக்குத்தான் கோவம் வந்துச்சு. யாரு அந்தப் புத்திகெட்ட கோட்டிக்காரின்னு வாய் வரைக்கும் வந்துட்டு, அடக்கிக்கிட்டேன்.

மேலயா, பக்கத்துலயா. இந்தக் கேள்வி உள்ள போயி உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அந்தக் கோவைல ஒன்பது இருந்துச்சு, பெருசா, தைரியமா. ஏழு இருந்துச்சு. ஆனா படி நாலாம். பெருசு எதுன்னு பாக்கக் கூடாது, உசரத்துல நிக்கது எதுன்னு பாக்கணும் போலுக்கு. வரிசைல எத்தனாவதா நின்னாலும் சரி, முன்னால அஞ்சு இருந்தாலும் ஐநூறு இருந்தாலும் சரி, எல்லாத்துக்கும் மேல நிக்க அந்தத் துளியூண்டு எண்ணுதான் மொத்தக் கூட்டத்துக்கும் பேரு. எங்க மாமியார் வீட்டுலயும் அப்படித்தான், ஏழு பேரு சம்பாதிச்சாலும் மாடில தனியா இருந்த பெரிய மைனி சொல்லுததுதான் சட்டம். அடுத்தது, அடுத்தத வாசி பிரமநாயகி, சிரிக்காத, ஆவுடையப்பன் சார் பாக்காரு. வாசிச்சேன். அவ சொன்னா, எழுதினேன். உசரம்னா எனக்குத் தெரியாதா என்ன. பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்டப் போட்டில உயரம் தாண்டுனவ நான். கம்பு ஆடக்கூட இல்ல, அப்படித் தாண்டினேன். மேசைல உக்காந்து எழுதிட்டு இருந்த மனுசன் ஒரு கைல கலர் சோடா வச்சிட்டு, மறு கையால ஒரு உசரம் கொறைச்சு எழுதிட்டான். ஓடிப் போய்ச் சொன்னேன், அழுதுட்டே சொன்னேன். 'எழுதியாச்சும்மா, போ போ'ன்னான். அவ்வளவுதான். மாநிலப் போட்டிக்கு வேற பிள்ளை போச்சு, நல்ல பிள்ளைதான், அவ மேல குத்தம் இல்ல. ஆனா அந்த ஆளு சோடாவ உறிஞ்சுன சத்தம் இன்னைக்கும் காதுல கேக்கு. நான் தாண்டுன உசரம் எனக்குத் தெரியும், கம்புக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. இப்ப நான் மேசைல உக்காந்திருக்கேன், தாண்டுதது எதுக்க இருக்கவ.

'டீச்சர், எழுதிட்டீங்களா?' 'எழுதிட்டேம்மா.' 'எக்ஸ் மைனஸ் அஞ்சு த ஹோல் ஸ்கொயர்.' எழுதினேன். அஞ்சுக்கு மேல ரெண்டு, அழகா, முத்து மாதிரி. இந்த ஹோல் ஹோல்ங்கா, என்னத்துக்குன்னு தெரியல. ஸ்கூல்லயும் கணக்கு வாத்தியார் வகுப்ப ஒட்டி நடக்கும்போது பிள்ளைக எல்லாம் சேந்து ஹோல் ஸ்கொயர்னு கத்துததக் கேட்டிருக்கேன். சாமிக்கு அரோகரா போடுத மாதிரி ஒரு முடிவுச் சொல்லுன்னு நெனைச்சுக்கிட்டேன். எழுதுதத எழுதுவோம், நமக்கென்ன சோலி. கை வலிக்கி. விசில் ஊதுன கை, பேனா பிடிச்சே பல காலம் ஆச்சு, வருகைப் பதிவு போடுதது தவிர. ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்துல காக்கா ரெண்டு எதுக்கோ சண்டை போடுது. ஆவுடையப்பன் சார் வாட்ச்சப் பாக்காரு, தாள் மூலைய மடக்காரு, விரிக்காரு. சின்னக் கேள்வியெல்லாம் முடிஞ்சு பெரிய கேள்வி வந்தாச்சு. 'எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் ஆறு எக்ஸ், கழித்தல் ஏழு, சமம் பூஜ்ஜியம். வர்க்கப்பூர்த்தி முறையில் தீர்க்க.' வாசிச்சதும் ஜெபக்கனி மூஞ்சி மலந்துட்டு. 'இது எனக்கு நல்லா வரும் டீச்சர்'னா. வேகமா வருது, மைக்ல வண்டி வருத வேகத்துல வருது. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் சிக்ஸ் எக்ஸ் ஈக்வல் டு செவன். ரெண்டு பக்கமும் ஒன்பதக் கூட்டு. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் சிக்ஸ் எக்ஸ் பிளஸ் நைன் ஈக்வல் டு சிக்ஸ்டீன். எக்ஸ் பிளஸ் த்ரீ த ஹோல் ஸ்கொயர் ஈக்வல் டு சிக்ஸ்டீன். எழுதினேன்.

x + 3² = 16.

எழுதிட்டுப் பாக்கேன். கணக்கு ஆகாதுதான், ஆனா வாய்ப்பாடு ஆகும், அடி வாங்கிப் படிச்ச வாய்ப்பாடு எங்க போகும். மூணுக்கு மேல ரெண்டுன்னா மூமூணு ஒன்பது. எக்ஸும் ஒன்பதும் சேந்தா பதினாறு. அப்ப எக்ஸ் ஏழு. அட, எனக்கே வருதே! அவ என்ன சொல்லுதான்னு பாத்தா, 'எக்ஸ் ஈக்வல் டு ஒன், எக்ஸ் ஈக்வல் டு மைனஸ் செவன்'ங்கா. ஒண்ணா? ஒண்ணும் ஒன்பதும் பத்துல்லா, பதினாறு எப்படி ஆகும். தப்பு. இவ தப்பாச் சொல்லுதா. நல்லா வரும்னு சொன்ன கணக்குலயே தப்பு விட்டுட்டாளே பாவி மக. சொல்லிரவா. ஏழுன்னு ஒரு வார்த்தை. ஆவுடையப்பன் சார் காக்காயப் பாக்காரு. தொண்டையச் செருமுத மாதிரி, ஏழு, அவ்வளவுதான, யாரு கேக்கப் போறா. எனக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு, அது ஒருத்தி பொழப்பக் காப்பாத்தும்னா அதுல என்ன பாவம். இல்ல, கூடாது, கண்டுபிடிச்சா அவ தாளையே தள்ளிருவாங்க, பொறவு பரீட்சையே எழுத முடியாது. சொல்லு. சொல்லாத. வாயத் திறந்துட்டேன், சத்தியமா 'ஏ'ன்னு பாதி வந்துட்டு. 'என்ன டீச்சர்?'ன்னா. 'ஏம்மா, அந்த வரிய இன்னொரு தடவை சொல்லு'ன்னு மாத்திட்டேன். எப்படித்தான் வாய் அப்படித் திரும்புச்சோ, எந்தச் சாமி புண்ணியமோ.

அவ சொன்னா. இந்தத் தடவை தாளப் பாக்காம அவளப் பாத்தேன். இத்தனை நேரம் நான் தாளையும் பேனா முனையையும் தவிர எதையும் நிமிந்து பாக்கலை, பயத்துல. இப்பப் பாத்தா அவ ரெண்டு கையும் மேசைக்கு மேல எந்திரிக்கி. 'எக்ஸ் பிளஸ் த்ரீ'ன்னு சொல்லும்போது ரெண்டு உள்ளங்கையும் வளைஞ்சு, குஞ்சப் பொத்திப் பிடிக்க மாதிரி, எக்ஸையும் மூணையும் உள்ள வச்சுப் பிடிக்கி. 'த ஹோல்'னு சொல்லும்போது அந்தக் கை ரெண்டும் அப்படியே நிக்கி. 'ஸ்கொயர்'னதும் வலது ஆள்காட்டி விரல் மட்டும் தனியாப் பிரிஞ்சு, மேல ஒரு குத்து. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. மூணுக்கு மட்டும் இல்ல. உள்ள இருக்க எல்லாத்துக்கும் சேத்து. அந்த ரெண்டு, மூணுக்குச் சொந்தம் இல்ல, அந்தப் பொத்துன கைக்குச் சொந்தம். ஒண்ணும் மூணும் நாலு. நாநாலு பதினாறு. எம்மா, நாநாலு பதினாறு! அவ சரி. அவ சரியாத்தான் சொல்லியிருக்கா, முதல்ல இருந்து சரியாத்தான் சொல்லிட்டு வாரா. தப்பு இந்தா இங்கன, நான் முத்து மாதிரி எழுதியிருக்கதுல இருக்கு. ஏழுன்னு மட்டும் நான் சொல்லியிருந்தேன்னா, ஐயோ, அவ சரியானத அழிச்சிட்டு என் கோட்டித்தனத்த எழுதச் சொல்லியிருப்பாளோ என்னவோ. எக்ஸ் மைனஸ் அஞ்சு ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முன்னால ஒரு க்யூப் வந்துச்சே, அது. பின்னத்துக்குக் கோடு போடச் சொன்னாளே, 'ஹோல் பை'ன்னு, அந்தக் கோட்ட எம்புட்டு நீளத்துக்கு இழுத்தேன், யாருக்குக் கீழ இழுத்தேன். நாசமாப் போச்சு. எங்கெங்க ஹோல் சொன்னாளோ அங்கல்லாம் நான் ஓட்டை போட்டு வச்சிருக்கேன். போன தடவை எழுதுனவள கோட்டிக்காரின்னு நெனைச்சேன்லா, இப்ப நான் என்னவாம்.

கைய உசத்தினேன், பரீட்சை எழுதுத பிள்ளை மாதிரி. 'சார், நான் எழுதுனதுல தப்பு இருக்கு சார். அவ சொன்னது சரி, நான் எழுதுன விதம் சரியில்ல. திருத்திரட்டா?' ஆவுடையப்பன் சார் எந்திரிச்சு வந்தாரு. தாளக் குனிஞ்சு பாக்கலை, எங்கயோ சுவரப் பாத்துட்டுப் பேசுதாரு, விதி அங்க ஒட்டியிருக்க மாதிரி. 'டீச்சர், நீங்களா கை வச்சா அது நீங்க எழுதுன விடை ஆயிரும். அவங்க வாயால சொல்லணும், இதத் திருத்துங்கன்னு. நீங்க வாசிச்சுக் காட்டலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது.' 'வாசிச்சாத் தெரியாதே சார்!' 'அது எனக்குத் தெரியாது டீச்சர்.' போயி உக்காந்துட்டாரு. மனுசன் கல்லு. ஆனா அவரச் சொல்லியும் குத்தமில்ல, நாளைக்கு யாராவது கேட்டா அவரு வேலைக்குல்லா வேட்டு. வாசிக்கணும். எப்படி வாசிக்க. எக்ஸ் பிளஸ் த்ரீ ஸ்கொயர்னு வாசிச்சா, ஹோல் சொல்ல இந்தம்மாவுக்கு மறந்துட்டுன்னு நெனைச்சிக்கிடுவா. காதுல விழுததுக்கு உசரம் இல்ல, அகலமும் இல்ல, எல்லாம் ஒரே கோட்டுல வருது. நான் என்ன பாக்கேனோ அத அவளும் பாக்க மாதிரி வாசிக்கணும். ஆட்டத்துல எந்தக் கால் கோட்ட மிதிச்சுது, எம்புட்டு மிதிச்சுதுன்னு சொல்லுவோம்லா, அப்படி. மூச்ச இழுத்துட்டு ஆரம்பிச்சேன். 'எக்ஸ். பெருசா இருக்கு, கோட்டு மேல இருக்கு. அடுத்து பிளஸ். அடுத்து மூணு, அதுவும் பெருசு, அதுவும் கோட்டு மேல. மூணுக்கு மட்டும் வலது பக்கம் மேல, சின்னதா ஒரு ரெண்டு. எக்ஸச் சுத்தி ஒண்ணும் இல்ல. மூணச் சுத்தியும் ஒண்ணும் இல்ல.'

ஜெபக்கனியோட கை ரெண்டும் மேசை விளிம்பப் பிடிச்சிட்டு. 'அடைப்புக்குறி போடலையா டீச்சர்?' நான் வாயே திறக்கலை, திறக்கக் கூடாதே. அதே வரிய இன்னொரு தடவை, இன்னும் மெதுவா வாசிச்சேன். அவளுக்குப் புரிஞ்சுட்டு. 'அடிச்சிட்டு எழுதுங்க. எக்ஸுக்கு முன்னால வளைவா ஒரு அடைப்புக்குறி, மூணுக்குப் பின்னால ஒண்ணு, அதுக்கு வெளிய மேல ரெண்டு'ன்னா. பொறவு, 'எத்தனை இடத்துல இப்படி இருக்கும்?'ன்னு கேட்டா. ஆவுடையப்பன் சார் தொண்டையச் செருமினாரு. 'முதல்ல இருந்து வாசிக்கட்டா?'ன்னு மட்டும் கேட்டேன். நேரம் ரொம்ப இல்ல. வரைபடம் போட முடியாதவங்களுக்குன்னு அதுக்குப் பதிலாக் குடுத்த பெரிய கேள்வி ஒண்ணு தொடாமக் கெடக்கு, அதுக்கு நெறைய மார்க்கு. அத எழுதினா இத வாசிக்க முடியாது, இத வாசிச்சா அத எழுத முடியாது. நான் எப்படிச் சொல்லுவேன், நான் யாரு சொல்லுததுக்கு. அவ தலையக் குனிஞ்சு யோசிச்சா. திட்டுவான்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். 'போன தடவை எல்லாம் முடிஞ்சு ரிசல்ட் வந்த பொறவுதான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சுது'ன்னா. 'இப்ப பேனா உங்க கைல இருக்கும்போதே தெரிஞ்சிட்டுல்லா. அந்தப் பெரிய கேள்விய விட்ருவோம். தெரியாத கணக்கப் போட்டு என்ன, தெரிஞ்சத நேராக்குவோம். வாசிங்க.' முப்பத்தஞ்சு வேணும், தெரிஞ்சது எல்லாம் நேரா நின்னா தாண்டிரலாம்னு அவளுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கணும். எனக்கு உடம்புல எங்கருந்தோ தெம்பு வந்துட்டு.

வாசிச்சேன். தொண்டை வறண்டு போற வரைக்கும் வாசிச்சேன். இங்கன பெருசு, இங்கன சின்னது, இது மேல, இது கோட்டுல, இந்தக் கோடு எக்ஸுக்குக் கீழ ஆரம்பிச்சு ரெண்டுக்குக் கீழ முடியுது, இது ஒண்ணுக்குக் கீழ மட்டும் இருக்கு. அவ 'நிறுத்துங்க'ன்னா நிறுத்துவேன். 'அத அடிச்சிட்டு வேற பக்கத்துல புதுசா எழுதுங்க'ன்னு வரி வரியாச் சொல்லுவா, எழுதுவேன். க்யூப் மாட்டுச்சு. எக்ஸ் மைனஸ் அஞ்சு மாட்டுச்சு. பின்னக் கோடு ஒண்ணு அரைவழில நின்னுச்சு, அத நீட்டச் சொன்னா. ஒவ்வொண்ணு மாட்டும்போதும் எனக்குப் பக்குன்னு இருக்கும், அடுத்த நிமிசம், பரவால்ல, பிடிச்சிட்டோம்லான்னு இருக்கும். ஒரு கட்டத்துல பயம் போயி எனக்கே ஒரு ருசி வந்துட்டு. அடைப்புக்குறி போடும்போது அவ கைய நெனைச்சுக்கிட்டே போட்டேன், எதையும் வெளிய விட்ராம. வர்க்கப்பூர்த்திக் கணக்க முழுசாவே கடைசித் தாள்ல புதுசா எழுதுங்கன்னா, மள மளன்னு எழுதினேன், தப்பிரக் கூடாதேன்னு பேனாவ அமுக்குன அமுக்குல விரல் வெளுத்துப் போச்சு. எழுதி முடிச்சு, எல்லாத்தையும் மறுபடி வாசிச்சேன். எக்ஸுக்கு மேல ரெண்டு, எக்ஸுக்கு மேல ரெண்டு, அடைப்புக்குறிக்கு வெளிய மேல ரெண்டு. 'சரி'ன்னா. வாட்ச்சப் பாத்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கு, ஆனா பெரிய கேள்விக்குப் பத்தாது. எல்லாம் முடிஞ்சுட்டுன்னு கால நீட்டினேன். முட்டில அப்படி ஒரு வலி, அதுவரைக்கும் தெரியவே இல்ல.

தாள அடுக்கதுக்கு ஜெபக்கனி கைய நீட்டினா. கடைசித் தாள எடுத்துத் திருப்புனவ அப்படியே நின்னுட்டா. பின்பக்கம் காலி, எழுத்து ஒண்ணும் இல்ல. ஆனா அவ விரல் அங்க எதையோ தடவுது. ஒரு நுனி விரல், மெதுவா, வலதுல இருந்து இடது பக்கமாப் போகுது. நான் அமுக்கி எழுதுனது அந்தப் பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கி. எல்லாம் இடம் வலம் மாறி, கண்ணாடில பாக்க மாதிரி இருக்குமேம்மான்னேன். 'பிரெய்ல் நாங்க எழுதுததே அப்படித்தான டீச்சர், பின்பக்கமாக் குத்தித்தான எழுதுவோம்'ன்னு சொன்னா, சொல்லும்போது சிரிப்பு வருது அவளுக்கு. ஆறாங்கிளாஸ் வரைக்கும் கண்ணு தெரிஞ்சவளாம், நம்ம எண்ணு உருவமெல்லாம் மறக்கலையாம். 'இது ஆறு. இது எக்ஸ். இந்தா அடைப்புக்குறி, நல்லா வளைச்சிருக்கீங்க. இதுக்கு மேல…' விரல் ஏறுச்சு. 'இந்தா நிக்கி. ரெண்டு.' அவ மூஞ்சில அப்ப வந்தத எனக்குச் சொல்லத் தெரியல. சந்தோசம்னா சந்தோசம்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, தொடைக்கக்கூட இல்ல நான். யாரு வாயையும் நம்பாம, யாரு கண்ணையும் கடன் வாங்காம, அவ விடைய அவளே பாக்கா. வரி வரியாப் போறா. ஆவுடையப்பன் சார் எந்திரிச்சிட்டாரு. தடுக்கப் போறாருன்னு நெனைச்சேன். அந்நேரம் பாத்து விரல் நின்னுச்சு. ஒரு தடவை பின்னால வந்து, மறுபடி போயி, அதே இடத்துல நின்னுச்சு. 'டீச்சர், இந்த வரில ஒரு ரெண்டு கீழ கெடக்கு.'

இருக்காதே. இப்பத்தான வாசிச்சேன், மேல ரெண்டுன்னு வாசிச்சேனே. தாளத் திருப்பிப் பாக்கேன். மூணாவது வரி. x2. எக்ஸுக்குப் பக்கத்துல, கோட்டுல, அதே உசரத்துல, சப்பளம் போட்டு உக்காந்திருக்கு. நான்தான் எழுதியிருக்கேன், நான்தான் அத மேலன்னு வாசிச்சுமிருக்கேன். மேல இருக்கணும்னு தெரிஞ்சதால கண்ணு மேலன்னே பாத்திருக்கு. ஆவுடையப்பன் சார் வந்து நின்னாரு. இந்தத் தடவை சுவரப் பாக்கலை, குனிஞ்சு தாளப் பாத்தாரு, பொறவு அவ விரலப் பாத்தாரு. 'அவங்களே சொல்லிட்டாங்கல்லா டீச்சர்'ன்னாரு, கல்லு மாதிரி இருந்த மனுசன், குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. 'பொறவென்ன, திருத்துங்க.' அந்த ரெண்ட அடிச்சேன். எக்ஸுக்குத் தோள் மேல, சின்னதா, பலமா அமுக்கி, இன்னொரு ரெண்டு எழுதினேன். தாளத் திருப்பி அவகிட்டக் குடுத்தேன். அவ விரல் போச்சு, தேடுச்சு, ஏறுச்சு, நின்னுச்சு. அதுக்குப் பொறவும் விடலை, மிச்ச வரியெல்லாம் கடைசி வரைக்கும் போயிட்டுத்தான் எடுத்தா. எடுத்துட்டு, தாளையெல்லாம் ஒண்ணா அடுக்கி, மேசைல ஒரு தட்டுத் தட்டி நேராக்கி, ஆவுடையப்பன் சார் நின்ன பக்கமா நீட்டினா.

'வாங்கிக்கோங்க சார். நானே பாத்துட்டேன்.'